மடித்து வைத்த நூறு வெள்ளி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஷாமினி பரிமாறும் வேலை பார்த்தாள். வயது இருபத்தொன்பது. கிள்ளானில் வீடு. காலையில் கோமுட்டர் ரயிலில் வருவாள், சாயங்காலம் அதிலேயே திரும்புவாள். அந்தக் கடையில் டிப்ஸ் என்பது பெரிய விஷயமே இல்லை. மிச்சச் சில்லறையை யாராவது மேசையில் விட்டுப் போனால் உண்டு. ஐம்பது காசு, மிஞ்சினால் ஒரு வெள்ளி நோட்டு. தீபாவளி வாரத்தில் ஒருவருக்கு ஐந்து வெள்ளி கிடைத்துவிட்டால் அடுத்த நாள்வரை அடுப்படியில் அதே பேச்சாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேர் கொண்ட கூட்டம் ஒன்று வந்தது. அந்த வெயிலிலும் எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது. நடுவில் உட்கார்ந்தவர்தான் தலைவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும், கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற குரல். கமலநாதன் என்று அட்டையில் எழுதியிருந்தது. ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பளம் தீர்ந்துவிட்டது என்றதும், தீர்ந்துவிட்டது என்ற சொல்லைத் தன் வாழ்க்கையிலிருந்தே எடுத்துவிட்டதாக ஷாமினியிடம் சொன்னார். அவள் உள்ளே போய் அடுத்த வாணலி அப்பளம் பொரியும்வரை நின்று கொண்டுவந்து போட்டாள்.

அவர்கள் போன பிறகு இலைகளை மடிக்கப் போனவள் டம்ளருக்கு அடியில் ஒரு ஊதா நிறத்தைப் பார்த்தாள். நான்காக மடித்த தாள். ஓரத்தில் நூறு என்ற எண் தெரிந்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், கூட்டம் போயே போய்விட்டது. மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, நேராக, நுரைக்க நுரைக்கத் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜெயராஜிடம் போனாள். ஜெயராஜ் அந்தக் கடையில் பதினாறு வருடமாக டீ, காபித் தண்ணி கலக்குகிறவர். வாய்விட்டுச் சொன்னால் கடை முழுக்கக் கேட்டுவிடும். ஆர்டர் எழுதும் தாளில் நூறு என்று எழுதி அவருக்குக் காட்டினாள். அவர் நூறு டீயா என்று கேட்டார்.

விஷயம் புரிந்ததும் அவர் ஒரு கோப்பையைக் கீழே போட்டு உடைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஷாமினி அந்த நூறு வெள்ளியை மனசுக்குள் நான்கு தடவை செலவு செய்தாள். முதலில் ஒரு ஜோடி செருப்பு. பிறகு தங்கச்சியோடு ஒரு படம், பாப்கார்னோடு. பிறகு, மழைக்காலம் வருகிறதே என்று ஒரு நல்ல குடை. நான்காவது தடவை, இந்த மாதிரிப் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றிவிட்டது. கடையில் இருக்கிற பதினான்கு பேருக்கும் தான் இன்று டீ நேரத்தில் விருந்து வைப்பதாக அடுப்படி வாசலில் நின்று அறிவித்தாள். பாத்திரம் கழுவுகிற அக்காவுக்குச் சாக்லேட் கேக் பிடிக்கும் என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நான்கு மணிக்கு அவளும் ஜெயராஜும் இரண்டு தெரு தள்ளி இருந்த பேக்கரிக்குப் போனார்கள். உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாஃப் இருபது, ஒரு சாக்லேட் கேக். கேக்கில் ஏதாவது எழுத வேண்டுமா என்று கல்லாவிலிருந்த பெண் கேட்டாள். ‘டிப்ஸ் நூறு’ என்று எழுதச் சொன்னார் ஜெயராஜ். அவள் வெள்ளை கிரீமில் அழகாக எழுதி, ஓரத்தில் ஒரு பூவும் போட்டாள். மொத்தம் எழுபத்து நான்கு வெள்ளி ஆனது. ஷாமினி பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்போடு அப்படியே நீட்டினாள்.

அந்தப் பெண் பிரித்தாள். ஒரு பக்கம் பாதிதான் நூறு வெள்ளி. மற்றப் பாதியிலும் பின்பக்கத்திலும் தமிழிலும் மலாயிலும் அச்சடித்திருந்தது. கல்லாக்காரப் பெண் அதைச் சத்தமாகவே படித்தாள்.

“நீங்கள் ஏமாந்தீர்களா? ஏழை மனம் இப்படித்தான் ஏமாறும். கோடி மனம் பயிற்சி, இலவச அறிமுகக் கூட்டம், பெட்டாலிங் ஜெயா, ஞாயிறு காலை பத்து மணி.”

வரிசையில் பின்னால் நின்ற ஆறேழு பேரும் ஷாமினியைப் பார்த்தார்கள். அவளுக்குக் காதோரம் சுட்டது. ஜெயராஜைப் பார்த்தாள். அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘டிப்ஸ் நூறு’ என்ற எழுத்து அவ்வளவு பெரிதாக, பூவோடு, எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. ஷாமினி அதைப் படித்தாள், படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது ஜெயராஜுக்குத் தொற்றி, கல்லாக்காரப் பெண்ணுக்குத் தொற்றி, வரிசையில் நின்ற ஒரு சீன அங்கிள் என்னவென்று புரியாமலேயே சிரிக்க ஆரம்பித்தார். கடைசியில் இருவரும் சொந்தக் காசைப் போட்டு பதினான்கு கறிபாஃப் மட்டும் வாங்கினார்கள். அந்தப் பெண் கத்தியால் எழுத்தை வழித்தெடுத்துவிட்டு, பூவை மட்டும் அப்படியே விட்டு, கேக்கைத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள்.

ராத்திரி வீட்டில் தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்தவளுக்கு, காலையில் ரயிலில் வரும்போது கோபம் வந்தது. ஏமாந்ததற்காக இல்லை. ஏழை மனம் என்று எழுதியிருந்தானே, அதற்காக.

சனிக்கிழமை காலை வழக்கம்போல சீதாலெட்சுமி ஆன்டி தோசைக்கு வந்தார். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷாமினி அந்தத் தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, இரண்டு பக்கமும் படித்தார். பிறகு தோசையை ஆறவிட்டுப் பேச ஆரம்பித்தார். பார்த்தால் பணம் மாதிரி இருக்கிற ஒன்றைத் தேசிய வங்கியின் அனுமதி இல்லாமல் அச்சடிப்பதே தப்பு, பாதிதான் அடித்தேன், விளம்பரத்துக்கு அடித்தேன் என்பதெல்லாம் எடுபடாது என்றார். ஷாமினி நேற்று பேக்கரியில் நீட்டியது தெரியாமல் செய்தது, அதில் குற்றமில்லை. ஆனால் இன்றைக்கு அவளுக்குத் தெரியும். இனி அதைக் காசு என்று சொல்லி யாரிடம் நீட்டினாலும் அவளும் மாட்டிக்கொள்வாள்.

அப்படியென்றால் தனக்கு டிப்ஸாக வைத்தது ஏமாற்று இல்லையா என்று ஷாமினி கேட்டாள்.

ஆன்டி தாளைத் தட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார். “டிப்ஸ் அவன் உனக்குக் கொடுக்க வேண்டிய காசு இல்லம்மா. வெறும் நோட்டீஸ்தானே வெச்சேன்னு சொல்லுவான். அதுக்கு வக்கீல் ரெண்டு பேர் அரை நாள் சண்டை போடலாம். சட்டப்படி உன்கிட்டேருந்து அவன் ஒண்ணும் எடுக்கல. ஆனா ஒரு மணி நேரச் சந்தோஷத்தக் கொடுத்துட்டுத் திருப்பி எடுத்துட்டான். அதுக்கு எந்தப் புத்தகத்துலயும் செக்‌ஷன் கிடையாது.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெயராஜ் டீ கொடுக்கப் போகிற இடத்திலெல்லாம் சொல்லிவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, ஏமாந்தது ஷாமினி மட்டும் இல்லை. எதிர்வரிசையில் முடிவெட்டும் கடை வைத்திருந்த சுகுமாறனிடம் அதே கூட்டத்தில் ஒருவர் முடிவெட்டிக்கொண்டு ஒரு தாளை வைத்துவிட்டுப் போயிருந்தார். சுகுமாறன் அதை மடிப்போடு சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார், இன்னும் பிரிக்கவேயில்லை. ஜெயராஜ் சொன்ன பிறகு பிரித்தார். பூக்கடை நாகம்மை அக்கா தனக்குக் கிடைத்த தாளை நம்பி ஒரு முழம் மல்லிகையைச் சும்மா கொடுத்திருந்தார். கார் கழுவுகிற இடம், ஜூஸ் கடை, செருப்புத் தைக்கிறவர் என்று மத்தியானத்துக்குள் பதினொரு தாள்கள் ஷாமினியின் கைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்று வரும்போதும் அடுப்படியில் ஒரு ஆரவாரம் எழுந்தது. பதினொன்றாவது தாள் முதலாளியுடையது. அவர் அதை யாரிடமும் சொல்லாமல் வங்கிக்கே கொண்டுபோய், அசடு வழியத் திரும்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கே போவது என்று முடிவானது. யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆன்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தாளை எங்கே எடுத்தாலும், எடுப்பதற்கு முன்னால் ‘இது காசு இல்லை என்று எனக்குத் தெரியும்’ என்று ஷாமினி உரக்கச் சொல்ல வேண்டும். சாட்சிகள் கேட்க வேண்டும். பெட்டாலிங் ஜெயா போகிற வழியெல்லாம் ஜெயராஜின் வேனில் அவள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாகம்மை அக்கா இன்னும் சத்தமாக என்றார். சுகுமாறன் கொஞ்சம் கைகாட்டிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரர் ஜன்னல் வழியாக அதைக் கேட்டு, கவலையோடு பார்த்தார்.

ஹோட்டல் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. ஆன்டியையும் சேர்த்து ஐந்து பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கமலநாதன் சட்டைக் காலரில் சின்ன மைக் செருகியிருந்தார். ஏழை மனம், கோடி மனம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் தாளைப் பற்றியும் சொன்னார். தான் போகிற இடமெல்லாம் ஒன்று வைத்துவிட்டு வருவதாகவும், அதைப் பார்த்ததும் எல்லோரும் மடிப்பைப் பிரிக்காமலேயே பைக்குள் போடுவதாகவும், கோடி மனம் உள்ளவன் முதலில் பிரித்துப் பார்ப்பான் என்றும் சொன்னார். மண்டபம் சிரித்தது. ஷாமினி பைக்குள் இருந்த தாள்களை எண்ணிப் பார்த்தாள். நாகம்மை அக்கா அவள் தோளில் தட்டினார்.

முடிவில் மூன்று நாள் பயிற்சிக்கு முன்பணம் கட்டலாம் என்று அறிவித்தார்கள். நூறு வெள்ளி, இன்றைக்கு மட்டும்.

ஷாமினி எழுந்தாள். ஓரத்தில் போட்டிருந்த மேசைக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். அங்கே இருந்த இளம்பெண் சந்தோஷமாகப் பெயர் கேட்டாள். ஷாமினி பெயரைச் சொல்லாமல், “இது காசு இல்லைன்னு எனக்குத் தெரியும்” என்றாள். வேனில் பழகியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது. அவள் ஒரு தாளை வைத்தாள். இரண்டாவது தாளை வைப்பதற்கு முன்னால் மறுபடியும் சொன்னாள். மூன்றாவதற்கும் சொன்னாள். ஆன்டி பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆறாவது தாளில் அந்தப் பெண் பயந்து போய் கமலநாதனைக் கூப்பிட்டாள்.

அவர் வேகமாக வந்தார். தாள்களைப் பார்த்ததும் ஷாமினியின் பக்கம் குனிந்து மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி பேசினார். காலரில் மைக் இருந்ததை மறந்துவிட்டார்.

“தங்கச்சி, இதெல்லாம் செல்லாதும்மா. சும்மா பேப்பர்.”

மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஸ்பீக்கர்கள் அதைச் சொல்லின.

ஷாமினிக்கு அந்த நேரத்தில் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தானும் அவர் காலர் பக்கம் குனிந்தாள்.

“அப்ப வெள்ளிக்கிழமை எனக்கு வெச்சது என்ன சார்?”

“அது ஒரு பாடம்.”

“நான் பாடம் கேக்கலையே. நீங்கதான் ரசம் கேட்டீங்க. மூணு தடவ ஊத்தினேன்.”

மண்டபம் வெடித்தது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். இருநூறு பேர் சிரிக்கிற சத்தத்தை ஷாமினி அதுவரை கேட்டதில்லை. அது தன்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆனது. புரிந்ததும் தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கிற மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, போன வாரம் தான் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். தன்னுடையது செல்லுகிற காசு என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்போது சீதாலெட்சுமி ஆன்டி முன்னால் வந்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம் விடவில்லை. அச்சடிக்க அனுமதி வேண்டும் என்பதையும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நிமிர்ந்து நின்று முதலில் மலாயில் சொன்னார். ஒரு மூச்சு நிறுத்தி, தான் சொன்னதையே யாரோ சொன்னது போல வரிக்கு வரி தமிழில் மொழிபெயர்த்தார். அபராதம், சிறை என்ற இரண்டு சொல்லும் இரண்டு மொழியிலும் கேட்டன. கமலநாதனின் முகத்தில் ரத்தமே இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தனக்குள் பேசிக்கொண்டார்.

“ஐயோ, மூவாயிரம் அடிச்சிட்டேனே.”

அதையும் ஸ்பீக்கர்கள் சொல்லின.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றியதும் சாதாரண ஆளாகத் தெரிந்தார். பத்து வருடம் இன்சூரன்ஸ் விற்றாராம், யாரும் வாங்கவில்லையாம். கதவைத் திறக்கிறவர்கள் தன் முகத்தைப் பார்த்ததும் மூடியதைப் பார்த்துப் பார்த்து, திறக்க வைக்கிற ஒன்றைத் தேடினாராம். பாதி அடித்தால் பிரச்சினை இல்லை என்று அச்சகக்காரர் சொன்னாராம். இப்போது என்ன செய்வது என்று அவர் ஆன்டியைக் கேட்டார். போலீஸ் தேடி வருவதற்கு முன்னால் நாமே கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் நல்லது, நானும் கூட வருகிறேன் என்றார் ஆன்டி. ஷாமினியும் வருவதாகச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மனிதரைத் தனியாக விட மனசு வரவில்லை.

ஹோட்டல் அறையிலிருந்து மீதித் தாள்கள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து வேனில் ஏற்றினார்கள். இடமில்லாமல் அது நாகம்மை அக்கா மடியில் உட்கார்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் சுகுமாறனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வழியில் போலீஸ் சோதனை இருந்தால், இரண்டாயிரத்துச் சொச்சம் கள்ள நோட்டோடு வேனில் போகிற ஆறு பேர் என்னவென்று சொல்வது? ஜெயராஜ் உடனே நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கினார். மஞ்சள் விளக்குக்கே நின்றார். திரும்பாத இடத்தில் எல்லாம் சிக்னல் போட்டார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். எல்லோரும் பள்ளிக்கூடப் படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி முழங்காலில் கைவைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மை அக்கா தன் துப்பட்டாவால் பெட்டியை மூடினார். அது இன்னும் மோசமாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டார். கமலநாதன் முதலில் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நினைத்துச் சிரித்ததால் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் வேனில் யாராலும் நிறுத்த முடியவில்லை. போலீஸ் நிலைய வாசலில் ஜெயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வண்டியை நிறுத்தினார்.

உள்ளே மேசையில் இருந்த போலீஸ் சார்ஜன் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். நீங்கள் ஏமாந்தீர்களா என்ற மலாய் வரியை நிதானமாகப் படித்துவிட்டு, உங்களில் ஏமாந்தது யார் என்று கேட்டார். ஷாமினி கையைத் தூக்கினாள். சுகுமாறனும் நாகம்மை அக்காவும் தூக்கினார்கள். அச்சகக்காரரை நினைத்துக் கமலநாதனும் தூக்கினார். சார்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அவர் திரும்பி வர இரண்டு நிமிடம் ஆனது. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

புகார் எழுதிக்கொண்டார்கள். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அச்சகத்தின் ரசீதோடு மறுநாள் வரவேண்டும் என்று கமலநாதனிடம் சொன்னார்கள். தானாக வந்தது அவருக்கு நல்லதுதான், ஆனால் முடிவு தன் கையில் இல்லை என்றார் சார்ஜன். சில வாரம் அலைந்த பிறகு கடுமையான எச்சரிக்கையோடு அவரை விட்டார்கள் என்று பின்னால் ஆன்டி மூலம் தெரிந்தது.

நிலையத்துக்கு வெளியே கமலநாதன் பர்ஸை எடுத்தார். நிஜ நூறு வெள்ளி ஒன்றை, நன்றாகப் பிரித்து, இரண்டு கையாலும் பிடித்து ஷாமினியிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. “நூறு வேணாம் சார். அவ்ளோ யாரும் வெக்க மாட்டாங்க. பத்து கொடுங்க, அது நான் செஞ்ச வேலைக்குச் சரியா இருக்கும்.”

அவர் பத்து கொடுத்தார். சுகுமாறனுக்கும் நாகம்மை அக்காவுக்கும் பத்து கொடுத்தார், மல்லிகைக்குத் தனியாகவும் கொடுத்தார். மற்றவர்களுக்கு அடுத்த நாள் தானே கடை கடையாகப் போய்க் கொடுத்துவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டார். செருப்புத் தைக்கிறவர் மட்டும் திட்டாமல் அவருடைய ஷூவைக் கழற்றச் சொல்லி, பிய்ந்திருந்த அடிப்பக்கத்தைத் தைத்துக் கொடுத்தாராம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷாமினி கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். பக்கத்தில் முப்பது வயசுப் பெண் ஒருத்தி மடியில் மடிக்கணினிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். தமிழ்ப் பெண்தான். ஷாமினி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பந்தாய் டாலாம் தாண்டியது. அதற்கு மேல் முடியவில்லை.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா? யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்குத் தலை வெடிச்சிரும்.”

சொல்லலாம் என்றாள் அந்தப் பெண். பெயர் வாணி, சுபாங் ஜெயாவில் இறங்க வேண்டும் என்றாள். ஷாமினி ரசத்திலிருந்து ஆரம்பித்தாள். கேக் வரும்போது வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். மைக் வரும்போது தலையை முன்சீட்டில் முட்டிக்கொண்டாள். ஆன்டி தன்னையே மொழிபெயர்த்ததை ஷாமினி நடித்துக் காட்டியபோது எதிர் வரிசையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பையன் காதிலிருந்த கருவியைக் கழற்றினான். கதை சார்ஜன் முகம் கழுவி வந்த இடத்துக்கு வந்தபோது ரயில் கதவு திறந்தது, மூடியது, யாரும் கவனிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது சுபாங் ஜெயா தாண்டி ஷா ஆலாம் வந்திருந்தது. வாணி ஐயையோ என்று எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, மூடப்போகிற கதவு வழியாகக் குதித்தாள். ரயில் நகர்ந்தபோது ஷாமினி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். வாணி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போகிற படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். காதில் போன் இருந்தது. மற்றக் கையால், யாரோ எதிரில் இருக்கிற மாதிரி, ரசம் ஊற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.